உச்சி வெயிலில் கரண்ட் போன கதை

1

இந்தக் கதை என்னுடையதல்ல, இன்னொருவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. மாடியில் சோலார் பேனல் மாட்ட வந்த ஃபிட்டரிடம், "கரண்ட் போனா இது ஓடுமா?" என்று சும்மா கேட்டேன். மனுஷர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தே விட்டார்.

"எங்கக்காவும் இதையேதான் கேட்டா, சார்."

2

சூரியன் உதித்தது. சிலிக்கான் தகடுகள்—

(வேண்டாம், பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். வெயில் பட்டதும் தகட்டுக்குள் எலெக்ட்ரான்கள் கிளம்பி ஒரே பக்கமாக ஓடும், அதுதான் மின்சாரம். அதை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தருவது இன்வெர்ட்டர். தெருக் கம்பியில் கரண்ட் நின்றால் அதுவும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர்மேல் நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாதே! பேட்டரி இருந்தால் வேறு கதை. அக்கா வீட்டில் இல்லை.)

3

ஃபிட்டர், தன் அக்கா வீட்டு மாடியில் கிளாம்பை முடுக்கிக்கொண்டிருந்தார். கீழேயிருந்து அக்கா கத்தினாள்: "டேய், கரண்ட் போனாலும் மாமா மெஷின் ஓடுமில்ல?" மாமாவுக்கு நுரையீரல் பாழ். ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் மூச்சு இல்லை.

"ஓடும், ஓடும்! வெயிலடிக்கிற வரைக்கும் உனக்கென்ன கவலை?"

முதல் பிரதியில், 'பாவம், அவருக்கு விவரம் தெரியாது' என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். அந்த வரியை அடித்துவிடச் சொன்னார்.

"தெரியும் சார். தொழிலே அதுதானே. நல்ல பசி. பேச்சை முடிச்சா போதும்னு இருந்துச்சு. அப்புறம் சொல்லிக்கலாம்னு நெனச்சேன், மறந்துட்டேன்."

ஐயோ, இவ்வளவு அற்பமான காரணத்தை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை எழுதுவது?

4

தம்பி சொன்னானே என்று அக்கா, அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒரு நாள் உச்சி வெயிலில் தெருவுக்கே கரண்ட் போனது. மெஷின் நின்றது. "இப்ப கரண்ட் வந்துடும்ங்க, நம்ம பேனல் இருக்கே" என்று மாமாவின் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட அவளுக்குத் தோன்றியபோது—

(மாமா பிழைப்பதாக இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன். மனுஷர் போய்விட்டார்.)

5

பேனலில் ஏதோ கோளாறு என்றுதான் அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறாள். தம்பியை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "பாவி நான், சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தேனே" என்று தன்னையேதான் திட்டிக்கொள்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஃபிட்டர், "அக்கா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பிக்கிறார். அதற்குமேல் வாய் வருவதில்லை.

6

நேற்று ஃபோன் செய்தார்.

"சார், கதையில நான் அக்காகிட்ட சொல்லிட்டேனா?"

"சொல்லிட்டீங்க."



"அக்கா என்ன சொன்னா?"

அதை நான் எழுதவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, கைவரவில்லை. உங்களுக்கு ஒரு தம்பி இருந்தால், அந்த ஒரு வரியை நீங்கள் எழுதுங்கள். நாளைக் காலையில் அவர் அக்கா வீட்டுக்குப் போகிறாராம்.