மோனியா

எப்படி மடித்தாலும் ஆரஞ்சு நிறம் ஏதாவது ஓர் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. இருசம்மாள் அந்த உடுப்பைப் பெட்டியின் கால்மாட்டில், புருஷனோடு போகவேண்டிய வேட்டிகளுக்கு அடியில் திணித்து அழுத்தினாள். மேலும் கீழும் ஒன்றாய்த் தைத்த ஓவரால் அது, தடிமன் வேறு. பிச்சைமுத்து குளித்து, விபூதி பூசி, கால் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டு, தன் பாட்டுக்குப் படுத்திருந்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. போறதுதான் போறீங்க, இதையும் எடுத்துக்கிட்டுப் போயிருங்க" என்று அவர் பாதத்திடம் சொன்னாள்.

வெளியே கூடாரத்தடியில் நாற்காலிகள் நிறைந்துகொண்டிருந்தன. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஜனங்கள் வேனில் வந்து இறங்க இறங்க, புக்கிட் பெருவாங் தாமான் குடியிருப்பின் அந்தச் சின்ன வீட்டில் அழுகை ஏறி ஏறி அடங்கியது. இருசம்மாளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. பயம் தொண்டையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. அது எழுந்து வழிவிட்டால்தானே அழுகை வரும்?

ஆஸ்பத்திரியில் அவர் மூச்சு நின்றதும், மலாய் டாக்டர் முகத்துணியைக் கழற்றாமலே 'மக்சிக்' என்று மரியாதையாகக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். சொன்னதில் பாதி துணிக்குள்ளேயே தங்கிவிட்டது. வெளியே வந்து இவள் காதில் விழுந்தது ஒன்றுதான்: மோனியா.

அவளுக்கா தெரியாது மோனியாவை? ரப்பர் பால் உறைந்துவிடாமலிருக்க அம்மோனியா ஊற்றுவார்கள். தோட்டத்து ஜனங்களின் வாயில் அது மோனியா. மூடி திறந்தால் கண் எரியும், மூச்சு முட்டும். பிச்சைமுத்து காலமெல்லாம் பால் கொட்டகையில் அதை அளந்து ஊற்றியவர்.

மகன் தனேஷுக்கு வேலை ஒரு புது மாதிரிக் கப்பலில். எண்ணெய்க்குப் பதிலாக அதே அம்மோனியாவை எரித்து ஓடும் கப்பல். கரிப்புகை கக்காது, உலகத்தைச் சூடாக்காது என்று லீவில் வந்த அன்றைக்கு அப்பனிடம் விளக்கினான். பிச்சைமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மகன் பையிலிருந்து இந்த ஓவராலை உருவி மூக்கில் வைத்துக்கொண்டார்.

"டேய், நம்ம பால் கொட்டாய் வாசம்டா! நான் அத விட்டு ஓடியாந்தா, நீ கப்பலேறிப் போயி அதையே புடிச்சுக்கிட்டியா?" என்று மோந்து மோந்து சிரித்தார்.

அந்த வாரமே இருமல். இருமல் காய்ச்சலாகி, காய்ச்சல் கட்டிலில் தள்ளி, இதோ பெட்டி.

சொல்லலாமா? சொன்னால், என் சட்டைதான் அப்பாவைக் கொன்றது என்று பிள்ளை ஆயுசுக்கும் அதைச் சுமப்பான். சொல்லாவிட்டால், கருமாதி முடிந்த கையோடு சிங்கப்பூரில் கப்பலேறிவிடுவான். அடுத்த பெட்டி யாருக்கு? ஒரு சட்டை பெட்டியோடு எரிந்துபோனால் கப்பல்காரன் இன்னொன்று தரமாட்டானா என்றெல்லாம் யோசிக்க அவளால் முடியவில்லை. இது வீட்டை விட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான்.

தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வந்த தனேஷ் குனிந்தான். வேட்டிக்கு வெளியே ஓர் ஆரஞ்சுச் சட்டைக் கை நீட்டிக்கொண்டிருந்தது.

"ம்மா, இது என் ஓவரால் லா! இங்க எப்பிடி வந்துச்சு?"

"இருக்கட்டும்டா. அப்பாவோட போவட்டும்."

"ஜிப்பு, பிளாஸ்டிக்குன்னு என்னென்னமோ இருக்கு. இதெல்லாம் உள்ள வைக்கக் கூடாதும்மா." இழுத்தான்.

அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "விட்ருடா! அவர முழுங்குனது பத்தலையா? அந்த மோனியா உன்னையும் முழுங்கணுமா?"

வாசலில் நின்றிருந்த மகள் தேவிஸ்ரீ ஓடிவந்தாள். "என்னம்மா சொல்றீங்க?"

"டாக்டர் சொன்னாருல்ல. மோனியான்னு."

"ஐயோ அம்மா! நியூமோனியா! நெஞ்சுல சளி கட்டி காய்ச்சல் வருமே, அது. அதுக்கும் அண்ணன் கப்பலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

செத்தவரின் தங்கை காளியம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அடைத்தும் சிரிப்பு பீறிட்டது. "அண்ணி, பெத்த புள்ளையவே கொலகாரனாக்கிட்டீங்களே! எங்கண்ணன் கேட்டிருந்தா எந்திரிச்சு ஒக்காந்து சிரிச்சிருக்கும்."

தேவிஸ்ரீ அழுதுகொண்டே சிரித்தாள். தனேஷும் சிரித்தான். சாவு வீட்டில் சிரிக்கிறோமே என்ற கூச்சத்தில் இன்னும் சிரிப்பு வந்தது. இருசம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெரிதாக ஒரு மூச்சு விட்டாள்.

பிறகு கேட்டாள்.

"அப்ப, அந்த மோனியா ஆள ஒண்ணும் செய்யாதுல்ல?"

சிரிப்பு நின்றது. தனேஷ் ஓவராலை மடிக்க ஆரம்பித்தான்.

"குழாய்க்குள்ள குழாய் போட்டு வச்சிருக்கான்மா. கசிஞ்சா அலாரம் கத்தும். மேலேருந்து தண்ணி தெர மாதிரி கொட்டும். தண்ணிக்கு அது கட்டுப்படும்."

"நான் அதக் கேக்கலடா."

அவன் ஓவராலின் கைகளை உள்ளே மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தான். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். "நேரமாச்சு, தூக்கலாமா?" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவன் ஓவராலை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அப்பாவின் தலைப்பக்கம் போய் நின்றான்.

பெட்டி படியிறங்கியபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தெருமுனை வரை வந்து கத்தினாள்.

ஆண்கள் போனபின் பெண்கள் வீடு கழுவினார்கள். காளியம்மா தண்ணீரைத் தள்ளிக்கொண்டே பின்கட்டுக்கு வந்தாள். குழாயடியில் இருசம்மாள் குந்தியிருந்தாள். வாளி நிறைய ஆரஞ்சு. பிழிந்தாள், மூக்கருகே கொண்டுபோனாள், மறுபடியும் முக்கினாள்.

"போதும் அண்ணி. சோப்பு வாசந்தான் வருது. எந்திரிங்க."

இருசம்மாள் வாளியைக் கவிழ்த்தாள். தண்ணீர் ஓடி முடியும்வரை பார்த்திருந்துவிட்டு, குழாயை மறுபடியும் முழுசாகத் திறந்துவிட்டாள்.