கறைக்குப் பத்து

கல்லருவித் தோட்டத்து டிஸ்பென்சர் தயாபரனுக்கு இரண்டே வைத்தியம்தான் தெரியும் என்பாள் அங்கே கொழுந்து எடுக்கிற ராசம்மா. எந்த வியாதிக்கும் பனடோல் இரண்டு, அதற்கும் கேட்காவிட்டால் கடவுள். கொரோனா வந்த பிறகு மூன்றாவதாக ஒன்றை அவரே கண்டுபிடித்தார். அதற்குப் பெயர் கறைக்குப் பத்து.

விரலைக் கவ்வி ஒக்ஸிஜன் அளவு சொல்லும் சின்ன மெஷின் ஒன்று இருக்கிறதல்லவா, அது கொழுந்து எடுக்கிற பெண்களின் விரலில் ஒழுங்காக வேலை செய்யாதாம். தேயிலைக் கறை ஏறி விரல் கறுத்திருப்பதால் குறைத்துக் காட்டுமாம். ஆகவே மெஷின் எந்த எண்ணைக் காட்டினாலும் அதோடு பத்தைக் கூட்டித் தாளில் எழுதுவார். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிக்கிற தோட்டம் அது. கழித்தே பழகியவர்கள் கூட்டிக் கொடுக்கிறார்களே என்று ராசம்மாவுக்கு முதல் நாளே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அந்தக் கோபம் அவளுக்குத் தன்மேலேயே உண்டு.

இரண்டாயிரத்து இருபத்தொன்று ஆவணியில், மடுல்சீமை மலைக்கு மேலே மூடிக்கிடந்த தொழிற்சாலையைக் கூட்டிப் பெருக்கி, கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் முப்பது கட்டில் போட்டு, தோட்டத்து நிர்வாகம் கொரோனா சிகிச்சை நிலையம் என்று போர்டு மாட்டியது. திறப்பு விழாவுக்குத் தோட்டத்து மேனேஜர் தொரை வந்தார், ரிப்பன் வெட்டினார், படம் பிடித்தார்கள். ஒக்ஸிஜன் சிலிண்டர் மட்டும் நாலு நாள் கழித்து வந்தது. அடேயப்பா, என்ன அக்கறை!

ராசம்மாவும் பக்கத்து வீட்டு மூக்காயியும் ஒரே லொறியில் அங்கே வந்தார்கள். மூன்றாம் நாள் மூக்காயியை வீட்டுக்கு அனுப்பினார்கள். எக்ஸ்ரே வண்டி வந்து பிடித்த படத்தில் நெஞ்சு சுத்தம், தாளில் ஒக்ஸிஜன் தொண்ணூற்று மூன்று. தொண்ணூறைத் தாண்டினால் அனுப்பலாம் என்பது அங்கே கணக்கு, வேறென்ன வேண்டும்? ஐந்தாம் நாள் மூக்காயி செத்துப்போனாள் என்று செய்தி வந்தது. "பயம்தான். பயத்துலயே போயிட்டா" என்று தயாபரன் உச்சுக் கொட்டினார்.

மூக்காயியாவது பயப்படுவதாவது! குளவிக்கூடு கலைந்து மலையே அலறி ஓடிய அன்றைக்குக்கூட, கூடையை விடாமல் நடந்து வந்தவள் அவள்.

ஏழாம் நாள் காலையில் ராசம்மாவின் முறை வந்தது. மூச்சை இழுத்தால் வலது விலாவில் ஊசி குத்தியது. கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை பதினாறு காலடி, அதற்குள் இரண்டு தடவை நின்றாள். தாதி ஸிஹாமா விரலில் மெஷினை மாட்டி, "எண்பத்து நாலு" என்றாள். பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"கறைக்குப் பத்து. தொண்ணூத்து நாலு" என்று தயாபரன் எழுதிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற டொக்டர் சதீஸ்குமார் தலையாட்டினார். கடற்கரைப் பக்கத்து டவுனில் வளர்ந்த பிள்ளை. தேயிலையைக் கோப்பையில்தான் பார்த்திருக்கிறார், பாவம். தோட்டத்தைப் பற்றித் தயாபரன் சொன்னதெல்லாம் அவருக்கு வேதம். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நுரையீரல் கிளியர். பின்னேரம் வீட்டுக்குப் போகலாம் அம்மா" என்றார்.

மூக்காயியிடமும் இதையேதான் சொன்னார்கள், ஒரு சொல் கூடக் குறையவில்லை.

"மூச்சு முட்டுதுங்க."

"மனசைத் தைரியமா வெச்சுக்க" என்றார் தயாபரன். உபதேசம் இலவசம்.

அந்த நேரம் பார்த்து ஸிஹாமாவின் போன் அடித்தது. பேசிவிட்டு ஓடிவந்தாள். "டொக்டர், முந்தாநாள் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பின இரத்தத்தோட ரிசல்ட் சொல்றாங்க. ராசம்மாக்காவுக்கு டி-டைமர் இருக்க வேண்டியதை விட ஒம்பது மடங்கு கூட."

"அது என்னா மிஸ்?" என்று ராசம்மா கேட்டாள்.

"இரத்தம் குழாய்க்குள்ளயே கட்டியாகுதுன்னா அது கூடும்க்கா. கொரோனா நுரையீரலை மட்டும் இல்ல, இரத்தக் குழாயையும் பிடிக்கும்."

டொக்டர் புருவத்தைச் சுருக்கினார். சுருக்கியவர் யோசித்திருக்கலாம். அதற்குள் தயாபரன் முந்திக்கொண்டார்.

"இவளுகளுக்கு அப்படித்தான் சேர் காட்டும். நாள் முழுக்க அட்டை கடிக்குதே. அட்டை கடிச்ச இரத்தம் எப்படி ஒழுங்கா இருக்கும்?"

டொக்டர் அதற்கும் தலையாட்டப் போனார். ராசம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரலில் கறை, இரத்தத்தில் அட்டை. இவர்களுடைய மெஷினும் சரி, படமும் சரி, படிப்பும் சரி, தப்பெல்லாம் இவள் உடம்பில். முப்பது வருடமாகத் தராசடியில் நின்று கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பேச்சு அது. தராசு தப்பாது, கொழுந்துதான் ஈரம்.

கம்பளியை உதறிவிட்டு வலது காலை நீட்டினாள்.

"மிஸ், அதைக் கால் வெரல்ல மாட்டுங்க."

"காலிலயா?" என்று சிரித்தார் தயாபரன்.

"ஆமாங்க. கால் வெரலாலயா கொழுந்து எடுக்கறேன்? இதுல ஏது கறை?"

ஸிஹாமா அந்தப் பாதத்தைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடேறும்வரை தேய்த்தாள். குளிர்ந்த காலில் மெஷின் பொய் சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும், அடுத்த சாக்கு அதுதான் வரும் என்பதும் தெரியும். பிறகு மாட்டினாள். எண் ஏறி இறங்கி நின்றது.

"எண்பத்து நாலு."

இன்னொரு மெஷினை எடுத்துத் தன் விரலில் போட்டுப் பார்த்தாள், தொண்ணூற்றெட்டு. அதையே ராசம்மாவின் காலில் மாட்டினாள். எண்பத்து நாலு.

அம்புலன்சுக்கு டொக்டரே ஓடினார். தயாபரன் மட்டும் தாளைப் புரட்டிக்கொண்டே, "நான் பொதுவாத்தான் சொன்னேன்" என்று முணுமுணுத்தார். பொதுவாகச் சொன்னாராம்!

பதுளை ஆஸ்பத்திரியில் கையில் மருந்தேற்றி, வளையம் போன்ற ஸ்கேனுக்குள் அவளைத் தள்ளிப் படம் எடுத்தார்கள். டொக்டர் ஜெயந்தினி கம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினார். நுரையீரலின் சதையில் பெரிதாக ஒன்றுமில்லை, எக்ஸ்ரே சுத்தமாகத் தெரிந்தது அதனால்தான். அதற்குள் ஓடும் இரத்தக் குழாய்கள் ஏற்றிய மருந்தால் வெள்ளை வெளேரென்று கிளைத்திருந்தன. இரண்டு பக்கமும் ஓரோர் இடத்தில் வெள்ளை நின்று சாம்பல் நிறமாக இரத்தக்கட்டி அடைத்திருந்தது. லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலியில் சருகு அடைத்த மாதிரி என்று ராசம்மா நினைத்தாள். பீலி நன்றாக இருக்கும், தண்ணீர்தான் வராது.

"இந்தத் தாளில தொண்ணூத்து நாலுன்னு இருக்கே?" என்று டொக்டர் கேட்டார்.

ராசம்மா சொன்னாள். டொக்டர் இரண்டு தடவை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார். "இப்படியே வீட்டுக்குப் போயிருந்தா ரெண்டு நாள் தாங்கியிருக்க மாட்டீங்க அம்மா" என்று மட்டும் சொன்னார்.

இரத்தம் மேலும் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போட்டு, குடிக்க மாத்திரை கொடுத்து, பன்னிரண்டு நாளில் அனுப்பினார்கள்.

லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றே மூக்காயியின் புருஷன் அழகையா வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். மூக்காயியை அனுப்பும்போது நிலையத்தில் கொடுத்த தாளைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார், அதை எடுத்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாருக்கும் காட்டிக் காட்டி அதன் மடிப்பு கிழிந்திருந்தது.

"தொண்ணூத்து மூணு இருந்துச்சு ராசம்மா. நல்லாத்தான் அனுப்பினாங்க. அவ விதி."

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். இந்த மனுசன் அந்தத் தாளைக் கும்பிடாத குறையாக வைத்திருக்கிறார். ஆனால் அந்த எண் பொய் என்று தெரிந்துகொண்டே எப்படிச் சும்மா இருப்பது?

"அதுல பத்தைக் கழிங்கண்ணே."

"ஏன்?"

கறைக் கணக்கைச் சொன்னாள். கால் விரலைச் சொன்னாள். அழகையா உதடு அசையக் கழித்தார். எண்பத்து மூன்று.

"அன்னிக்கு லொறி ரோட்டுல கோயில் முடக்கோட நின்னுருச்சு" என்றார். "அங்கருந்து வீட்டுக்கு இருநூறு படி. தூக்கிக்கிட்டுப் போன்னு கேட்டா. தொண்ணூத்து மூணு இருக்கே, நடிக்காதடின்னு சொல்லி நடத்திக் கூட்டிட்டு வந்தேன்."

ராசம்மாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து செருப்பைப் போட்டாள். "வாங்க" என்றாள்.

டிஸ்பென்சரி நூறு அடிதான். நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கிப் போனாள். அழகையா பின்னால் வந்தார். உள்ளே தயாபரன் டீ குடித்துக்கொண்டிருந்தார். சிகிச்சை நிலையத்தைச் சிறப்பாக நடத்தியதற்குத் தொரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பாராட்டுப் பத்திரம் சுவரில் புதுக் கண்ணாடியோடு தொங்கியது.

"அட, ராசம்மாவா! வா வா. கையை நீட்டு பார்ப்போம்" என்று மெஷினை எடுத்தார்.

முப்பது வருடத்தில் அவள் கதவை ஒட்டிய அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததுகூட இல்லை. செருப்பைக் கழற்றினாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, செம்மண் அப்பிய வலது காலைத் தூக்கி டீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல மாட்டு" என்றாள்.

அழகையா தாளை விரித்து அந்தக் காலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மூக்காயிக்கு எவ்வளவு கூட்டினீங்க ஐயா?" என்று கேட்டார்.