மொழிபெயர்ப்பாளரின் முதுகு

கோர்ட் மொழிபெயர்ப்பாளரின் முதுகில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை பதினோரு சாட்டைத் தழும்புகள் இருந்தன. அவரை யாரும் அடிக்கவில்லை. அன்று அக்கரைக் கூலிக்காரன் ஒருவன் கூண்டில் நின்று தான் அடிவாங்கியதைச் சொன்னான். இவர் அதை நீதிபதியின் மொழியில் சொன்னார். மொழிபெயர்ப்பவர் ‘அவனை’ என்று சொல்லக் கூடாது, ‘என்னை’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பது கோர்ட் வழக்கம். “என்னைப் பதினோரு முறை அடித்தார்கள்” என்று சொல்லி முடித்து, குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் சட்டையைக் கழற்றியதும் மனைவி விரல் வைத்துத் தழும்புகளை எண்ணினாள்.

ஆற்றுக்கு அக்கரையில் இருந்தவர்களுக்கும் இக்கரையில் இருந்தவர்களுக்கும் ஆகாது. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. புரிந்த சிலரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். கப்பலில் வந்து ஆண்டவர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது. கோர்ட்டில் இரண்டு வாசல், இரண்டு பெஞ்சு, இரண்டு தண்ணீர்ப் பானை வைத்தார்கள். மூன்று மொழியும் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். பதினாறு வருஷத்தில் அக்கரைக்காரனின் வெட்டுக்காயமும், அதே சண்டையில் இக்கரைக்காரனுக்கு உடைந்த விலாவும் இவர் உடம்புக்கு வந்து சேர்ந்தன. மனைவி எண்ணெய் தடவித் தடவிக் காயங்களுக்குப் பழகிவிட்டாள். அவளுடைய பயம் வேறு. நீதிபதிக்கும் இவர்தான் வாய். “நான் உன்னைத் தூக்கிலிட உத்தரவிடுகிறேன்” என்று கூண்டைப் பார்த்து ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார். அடிபட்டவன் சொல் உடம்பில் ஏறுமென்றால், அடிக்கச் சொன்னவன் சொல் எங்கே போய் உட்காரும்? முதுகு தேய்க்கிற சாக்கில் காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், விரலிடுக்கில் எல்லாம் தேடினாள். ஒரு கீறல்கூட இல்லை. அதற்குத்தான் பயந்தாள்.

“என்னங்க, அந்த ஆளுக்காகப் பேசறத மட்டும் விட்டுடுங்களேன்.”

“அவர்கிட்டத்தானே வேலை பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

பிறகு கப்பல்காரர்களின் சிப்பாய்கள் சந்தையில் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். விசாரணையில் ஒரே நாளில் குண்டடிபட்ட நாற்பது பேர் சாட்சி சொன்னார்கள். நாற்பதாவது ஆள் முடித்தபோது மொழிபெயர்ப்பாளர் சட்டை கிழியக் கீழே விழுந்தார். இக்கரைக்காரி ஒருத்தி தன் மகனின் குண்டுக்காயத்தை அந்த மார்பில் கண்டாள். அதற்கு இரண்டு விரல் தள்ளி, அக்கரைக்காரன் ஒருவன் தன் தம்பியின் காயத்தைக் கண்டான். இரண்டு பெஞ்சுக்காரர்களும் சேர்ந்து அவரைத் தூக்கிக்கொண்டு ஒரே வாசலில் வெளியேறினார்கள். இரண்டு கரையையும் சேர்த்ததற்காக அவர் ஏழு வருஷம் சிறையில் இருந்தார். கப்பல்கள் திரும்பிப் போயின. ‘நான்’ என்று அவர் மேடையில் சொன்னபோதெல்லாம் இரண்டு கரையும் அழுதன. நாடு அவர் கைக்கு வந்தது.

பழைய கோர்ட் கட்டடமே அவருடைய அலுவலகமாயிற்று. ஆற்றுப் பாலத் தகராறில் இரண்டு கரையிலிருந்தும் ஆட்களைப் பிடித்து வந்திருந்த ஒரு மத்தியானம், மனைவி சாப்பாட்டோடு உள்ளே போனாள். அவர் தலை நிமிர்ந்து, கப்பலேறிப் போய்விட்ட நீதிபதியின் குரலில், நீதிபதியின் மொழியில் ஏதோ சொன்னார். இத்தனை வருஷம் தோலில் தேடியது தொண்டைக்குள் இருந்திருக்கிறது.

“என்ன சொல்றாரு?” என்று நீதிபதி காலத்திலிருந்து வாசலில் நிற்கும் டவாலிச் சேவகனைக் கேட்டாள்.

“வெளிய நிக்கச் சொல்றாருங்கம்மா.”

நின்றாள். அன்றிலிருந்து தலைவர் வேறு மொழி பேசவில்லை. இரண்டு கரைப் பேச்சும் அவருக்குப் புரியவில்லை. நாடு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை நியமித்தது. குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்பதைக்கூட மனைவி அந்த ஆள் மூலமாகத்தான் கேட்டு வந்தாள்.