விடாத பிரேக்

பஸ்ஸிலேயே போயிருக்கலாம். இதை எனக்குள் நூறு தடவை சொல்லிக்கொண்டாயிற்று, இன்னொரு தடவை சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது. விடிகாலை பஸ் மலைமேல் கரியாலூரில் என் கண்ணெதிரேதான் புறப்பட்டுப் போனது.

"தம்பி காரு வச்சிக்கினு இருக்கசொல்ல நீ இன்னாத்துக்குக்கா பஸ்ல இடிபட்டுக்கினு போவணும்?" என்று ராஜதுரை என் பையைப் பிடுங்கிக் காரில் போட்டுவிட்டான்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி, யாரோ ஓட்டிய பழைய காரை வாங்கி, முதன்முதலாக மலைக்குக் கொண்டுவந்திருந்தான். எனக்கு அன்று கள்ளக்குறிச்சியில் அரசு வேலைக்கான தேர்வு. நான்காவது முறை எழுதப்போகிறேன். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது தாண்டிவிடும், அதனால் இதுதான் கடைசி. சாமைக் காட்டில் களையெடுத்துவிட்டு வந்து கண் எரிய எரியப் படித்த படிப்பு.

"எத்தினி மணிக்குக்கா பரீட்சை?" என்று கேட்டான். ஒன்பதரை என்றேன். ஒன்பது மணிக்கே கேட்டை மூடிவிடுவார்கள் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் மலை வளைவுகளில் பறப்பான். அவன் குணம் எனக்குத் தெரியாதா?

மலை இறங்கத் தொடங்கும் இடத்தில் முனியப்பன் கோயில். அங்கே நின்று கற்பூரம் ஏற்றாமல் எங்கள் ஆட்கள் வண்டியை இறக்க மாட்டார்கள். ராஜதுரையும் நிறுத்தினான். கட்டைவிரல் அகலத்தில் இருந்த ஒரு பொத்தானை இழுத்தான், பின்சக்கரங்களின் பக்கம் 'ங்ர்ர்' என்றது.

"ஹேண்ட்பிரேக்குக்கா. இழுக்கிற கம்பிலாம் கெடையாது, எல்லாம் கரண்ட்டு" என்றான் பெருமையாக.

கும்பிட்டுவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தோம். இன்ஜின் ஓடியது. பிரேக்கை விடுவிக்கப் பொத்தானை அழுத்தினான். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினான். ஸ்டீரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு மினுக்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தான். முன்சக்கரங்கள் சரளையை வாரி இறைத்தன, பின்சக்கரங்கள் அசைவேனா என்றன.

"இந்த லைட்டு எப்பத்துலேருந்து எரியுது?"

"ஒரு வாரமா. ரெண்டு மூணு தபா அமுக்குனா வுட்டுரும்க்கா."

"ஒரு வாரமா எரியுது, மெக்கானிக்காண்ட காட்டுறதுக்கு இன்னாடா கேடு ஒனக்கு?"

"சர்வீசுக்கு வுட்டா நாலு நாளு ஆவும்னாங்க. ஒன் பரீட்சைக்கு வண்டி இல்லாம பூடுமேன்னுதான்..."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட் மூடும் நேரத்தை மட்டும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டேன். அவன் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான்.

போனில் சிக்னல் இல்லை. அடுத்த பஸ் வந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேராது. இறங்கி வந்த ஒரே பைக்கில் புருஷன், பெண்டாட்டி, நடுவில் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமையாதலால் மற்ற வண்டியெல்லாம் அருவி பார்க்க மேலே ஏறிக்கொண்டிருந்தன. பாட்டு அலற வந்த ஒரு காரை நான் குறுக்கே நின்று நிறுத்தினேன். நான்கு பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். வண்டி ஆடியதே தவிர நகரவில்லை.

ஒருவன் குனிந்து பார்த்தான். "பிரேக்கை வுடுற மோட்டாரு மாட்டிக்கினு இருக்குண்ணா. டவுன்லேருந்து ஆளு கம்ப்யூட்டரோட வந்தாத்தான் முடியும்."

"தம்பி, என்னைக் கள்ளக்குறிச்சில வுட்டுட்டு வந்துருங்களேன். பரீட்சைங்க" என்றேன். கெஞ்சுகிறோமே என்று வெட்கமாகக்கூட இல்லை.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "மேல ரூம் போட்டிருக்கோம்க்கா. வேற வண்டி வரும், பாருங்க."

போய்விட்டார்கள். சாலையோரம் உட்கார்ந்து அழுதேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் காரைப் பள்ளத்தில் உருட்டியிருப்பேன், அது உருண்டால்தானே!

ராஜதுரை சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் மல்லாந்து படுத்தான்.

"யக்கா, நீ ஸ்டீரிங்காண்ட குந்து. காலால பிரேக்கை மிதிச்சிக்கினே பட்டனை அமுக்கு. நான் மோட்டாரைத் தட்டிப் பாக்குறேன்."

அந்த இருக்கையில் நான் உட்கார்ந்ததே இல்லை. கல் நழுவி வண்டி உருண்டால் என் தம்பியின் கதி?

"வாணாண்டா, வெளிய வா. பரீட்சை போனாப் போவுது."

"அமுக்குக்கா!"

அழுத்தினேன். டங், டங் என்று அடித்தான். ஒன்றுமில்லை. அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தான். அழுத்தி அழுத்தி என் விரல் மரத்துப்போன பிறகு 'ங்ர்ர்' என்றது. மஞ்சள் விளக்கு அணைந்தது. முழங்கையில் ரத்தமும் முகமெல்லாம் மண்ணுமாக எழுந்து வந்தவன், "வுட்டுடுச்சுக்கா!" என்று குதித்தான்.

எட்டரை ஆகப்போவதாக எதிரே கடிகாரம் காட்டியது. டவுனுக்கு எப்படி ஓட்டினாலும் ஒரு மணி நேரம். போன தடவை ஒரு நிமிஷம் பிந்தி வந்த பெண், மூடிய கேட்டைப் பிடித்துக்கொண்டு கதறியதை நான் உள்ளேயிருந்து பார்த்தவள்.

"ஒம்பதரைக்குள்ள கொண்டு போய் வுட்டுர்றேன் பாரு. நீ புக்கை எடுத்துப் படி" என்றான் ராஜதுரை. முகத்தைத் துடைக்கக்கூட இல்லை, முட்டுக் கற்களைத் தள்ளிவிட்டு வண்டியை எடுத்துவிட்டான். ஒன்பதுக்கே கேட்டை மூடிவிடுவார்கள் என்று இனி அவனிடம் எப்படிச் சொல்வது? புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். ஓர் எழுத்தும் கண்ணில் நிற்கவில்லை. வளைவில் டயர் கிரீச்சிட்டது.

"மெதுவா போடா."

"லேட்டாயிடும்க்கா. நீ படி."

கடிகாரம் ஒன்பதைக் காட்டியது. மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் தாண்டியும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தேன்.