ஏழு நாள் சிவப்பு, ஏழு நாள் சாம்பல்

'நாற்பதில் போகும்போது நாலாவது கியர் போட்டால் சிவப்பு முனகும்.' இது உனக்கு எப்படித் தெரியும் ராக்கெட்? அந்த வண்டியில் நீ எப்போது நாற்பதில் போனாய்?

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு அவள் அடுத்த வரியைப் படித்தாள். கார் பத்திரிகையின் அந்த இதழ் மாலையில் அச்சுக்குப் போகிறது. ஆசிரியரின் மேஜைமேல் விரித்துக் கிடந்த பக்கங்களில் சிவப்பும் சாம்பலுமாக இரண்டு ஹேட்ச்பேக் கார்கள் சண்டைக்கோழிகள்போல் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. ஒரே நீளம், ஒரே விலை, சின்ன உடம்புக்குப் பொருந்தாத பெரிய எஞ்சின். 'தினமும் ஓட்ட எது?' என்பது தலைப்பு. அதன் கீழே, பத்திரிகையில் எல்லோரும் ராக்கெட் என்று கூப்பிடும் அந்தப் பையனின் பெயரும், ஹெல்மெட்டை இடுப்பில் அணைத்துக்கொண்ட படமும்.

எழுத்து முழுக்க அவளுடையது. வாரத்துக்கு ஒன்றாக இரண்டையும் ஓட்டி எழுதியது. காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அம்மாவை முழங்கால் பயிற்சிக்கு மருத்துவமனையில் விட்டு, அலுவலகம் வந்து, மாலையில் நெரிசலில் ஊர்ந்து திரும்பிய நாட்கள். சிவப்பின் கிளட்ச் கல் மாதிரி. ஒரு மணி நேரம் அதை மிதித்துவிட்டு வந்தால் வீட்டுப் படியேறும்போது இடது கால் நடுங்கும். மூன்றாம் நாள் வேகத்தடைகளில் குலுங்கிக் குலுங்கி மகள் சீருடை முழுக்க வாந்தி எடுத்தாள். அதை அலசிக்கொண்டே மனத்துக்குள் அமைத்த வாக்கியம்கூட அப்படியே இருந்தது. 'பின்சீட்டில் குழந்தை இருந்தால் இந்த வண்டியில் நிதானமாகப் போங்கள்.' ராக்கெட்டுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

ஒரே ஒரு பத்தி மட்டும் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், ஆளில்லாத மேம்பாலத்தில், சாம்பலின் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்ததைப் பற்றியது. முதுகு சீட்டோடு ஒட்டியதும் அவள் தனியாக வாய்விட்டுச் சிரித்திருந்தாள். இந்த வண்டி வேகம் கேட்டால் கொடுக்கும், கேட்காதபோது சும்மா இருக்கும், அதனால் என் ஓட்டு இதற்குத்தான் என்று முடித்திருந்தாள். வாந்தியையும் முழங்காலையும் வைத்துக்கொண்டு சிரிப்பை மட்டும் வெட்டியிருந்தார்கள். கடைசி வரியில் சிவப்பு ஜெயித்திருந்தது.

"என்னம்மா, எப்படி வந்திருக்கு?" ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நான் சாம்பல்னு எழுதியிருந்தேன் சார்."

"ரேஸ் ட்ராக்ல சிவப்பு ஒண்ணரை செகண்டு முன்னால வந்துச்சேம்மா."

"தினமும் ட்ராக் வழியாவா சார் ஜனங்க ஆபீஸ் போறாங்க?"

ஜன்னலோரம் செல்பேசியைத் தடவிக்கொண்டிருந்த ராக்கெட் சிரித்தான். "அக்கா சாம்பல்கிட்ட மனசைப் பறிகுடுத்துட்டாங்க சார்."

"நீ எத்தனை நாள்டா ஓட்டின?"

"ஒரே ஒரு காலைதான்க்கா. ஆனா, ஓட்ட வேண்டிய மாதிரி ஓட்டினேன்."

ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வேகமா போற வண்டிக்கு ஒரு பொம்பளை தீர்ப்பு சொன்னா படிக்கிறவன் நம்ப மாட்டான்மா. நான் சொல்லல, அவன் அப்படி. உங்களை விட்டுடுவேனா? இங்க பாருங்க, தனியா ஒரு பெட்டியே போட்டிருக்கேன்."

பக்கத்தின் ஓரத்தில் வெளிர்நீலக் கட்டம் காலியாக இருந்தது. தலைப்பு மட்டும் தயார். 'குடும்பத்தலைவியின் கோணம்.'

"நூறு வார்த்தை போதும். டிக்கி, கண்ணாடி, கலரு. எனக்கும் சிவப்புதான் பிடிச்சுதுன்னு முடிச்சிடுங்க. கீழ போட்டோவுக்கு எல்லாம் ரெடியா இருக்கு."

காது மடல் கொதித்தது. இவர்கள்மேல் மட்டும் கோபப்பட அவளால் முடியவில்லை. பதினோரு வருஷமாக அந்தப் பெட்டியை நிரப்பியது யார் கை? ஒவ்வொரு முறையும் "சரி சார்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் பாத்திரங்களை நங்கென்று வைப்பாள். "என்ன, இன்னைக்கும் பெட்டியா?" என்று கணவன் எட்டிப் பார்ப்பான். அவளும் சிரித்துவிடுவாள். சிரித்துச் சிரித்தே இவ்வளவு தூரம் வந்தாயிற்று. யாரோ ஒருவன், சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டி, இந்தப் பக்கத்தை நம்பிச் சிவப்பை வாங்குவான். அவன் மனைவி அதன் கிளட்சை மிதிப்பாள். அவன் பிள்ளை பின்சீட்டில் வாந்தி எடுக்கும். பக்கத்துப் பெட்டியில் இவள் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பாள்.

அவள் படியிறங்கினாள். ஆசிரியர் பின்னாலேயே வந்தார்.

முற்றத்தில் இரண்டு வண்டிகளும் வெயிலில் நின்றன. போட்டோக்காரர் சிவப்பின் டிக்கியைத் திறந்துவிட்டுக் கடைப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பைகள் புடைப்பாகத் தெரிவதற்காக உள்ளே பழைய இதழ்களைக் கிழித்துக் கசக்கித் திணித்திருந்தார்.

"மேடம், ஒரு கை டிக்கில, ஒரு கையில இந்தப் பை. சும்மா சிரிச்சா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்."

அவள் கையை நீட்டவில்லை.

"வேணாங்க" என்றாள்.

"இந்தப் பை வேணாமா? பச்சை ஒண்ணு இருக்கு."

"எதுவும் வேணாம். நான் நிக்கல." ஆசிரியரின் பக்கம் திரும்பினாள். குரல் அவளுக்கே வியப்பாகத் தணிந்திருந்தது. "பெட்டியும் எழுதல சார்."

"அச்சுக்குப் போற நேரத்துல என்னம்மா இது? பக்கம் காலியாவா போகும்?"

"போகட்டும் சார்."

போட்டோக்காரர் நீட்டிய கையை மடக்க மறந்து நின்றார். காற்றில் பையின் வாய் விரிந்தது. கசங்கிய தாள் ஒன்று வெளியே விழுந்து, சிமெண்டுத் தரையில் உருண்டு உருண்டு, சாம்பலின் சக்கரத்தில் போய் முட்டிக்கொண்டு மெல்ல விரியத் தொடங்கியது.