பேரையூர்ச் சாலையில் முகமூடி கழன்ற கார்

பேரையூருக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது காருக்கு அடியிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. ஆனிமேரி வண்டியை ஓரங்கட்டி இறங்கிக் குனிந்து பார்த்தாள். வண்டியின் வயிறு முழுக்கக் கொள்ளுச் செடி.

தை மாதம் பிறந்தால் இந்தப் பக்கத்தில் பிடுங்கிய செடியைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் டிராக்டரும் ஏறி ஏறி மணியை உதிர்த்துக் கொடுக்கும். தரையைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் வந்தால் என்ன ஆகும் என்று ஊரில் யாரும் யோசித்ததில்லை. ஆனிமேரியும் யோசிக்கவில்லை. வழியெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அது இன்னும் விற்பனைக்கு வராத கார். அதைச் சாலையில் ஓட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. உருவம் வெளியே தெரியாதிருக்க மேலெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகச் சுழிகள் ஒட்டி, மூக்கில் ஒரு பிளாஸ்டிக் முகமூடியும் மாட்டியிருந்தார்கள். போன மாதம் டீக்கடை வாசலில் நிறுத்தியபோது யாரோ எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. இன்னொரு படம் வெளியே போனால் அவள் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம், ஆபீஸில் உட்கார்ந்தால் போதும் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

காரைப் போர்த்தும் உறை பின்னால் வரும் வேனில் இருந்தது. வேன் ஓட்டும் ஜினோவுக்குப் போன் செய்தாள்.

"கப்பலூர்ல நிக்கிறேன், வந்துக்கிட்டே இருக்கேன்."

"நிக்கிறியா, வாரியா?"

"வந்துக்கிட்டே இருக்கேன்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அதற்குள் செடியின் சொந்தக்காரி அழகம்மாள் விளக்குமாறோடு வந்து நின்றாள்.

"ஏம்மா, கண்ணு தெரியலையா? அம்புட்டுச் செடியையும் இழுத்துட்டு வந்துட்டியே!"

அவள் கணவர் பேயாண்டி காரை ஒருமுறை சுற்றி வந்தார். "இது அளக்குற வண்டி, அழகம்மா. கோடு போட்டிருக்கான் பாரு. நாலு வழிச் சாலைக்கு நம்ம நெலத்த எடுக்கப் போறாய்ங்க."

"அளக்குற வண்டி இல்லண்ணே."

"அப்ப என்ன வண்டி?"

"அதைச் சொல்லக் கூடாதுண்ணே."

"பாத்தியா!" என்றார் பேயாண்டி மனைவியிடம்.

மாதாவே, பொறுமையைக் கொடு என்று ஆனிமேரி முணுமுணுத்தபோது ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டிவந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றுமுன்பே பேச ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, பழங்காநத்தத்துல இருந்து வாரேன். கப்பலூர்ல உங்க வண்டியப் பாத்தேன், விடாம விரட்டிக்கிட்டு வந்துட்டேன். நெட்டுல கார் படம் போடுற பேஜ் வச்சிருக்கேன், பன்னெண்டாயிரம் பேரு பாக்குறாங்க. ஆறு சிலிண்டர்தானே? சத்தத்துலயே சொல்லிட்டேன். இன்ஜின் பின்னாடியா? கூரை திறக்குமா?"

"தம்பி, தயவுசெஞ்சு போயிரு."

"பொது ரோடுக்கா" என்று போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கினான்.

"எடு தம்பி, நல்லா எடு" என்றார் பேயாண்டி. "நம்பரும் விழணும். நாளைக்குக் கலெக்டர்கிட்டக் காட்டணும்."

காருக்கு அடியிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. செடியை உருவ வேண்டுமென்றால் மூக்கிலிருந்த முகமூடியைக் கழற்ற வேண்டும். உருவாவிட்டால் சூட்டில் பற்றிக்கொள்ளும். ஆனிமேரி ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையனையே பார்த்தாள்.

"பத்து நிமிஷம் அந்தப் பக்கம் திரும்பி நின்னா என்ன கொறஞ்சு போயிருவ?"

"வேற எவனாவது எடுத்துப் போட்டுருவான்கா."

வேறு எவனும் அங்கே இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முகமூடியைக் கழற்றினாள். ஒருவரும் காணாத அந்தக் காரின் முகம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. பையன் போனைத் தாழ்த்தவே இல்லை.

ஆனிமேரியின் கண் கலங்குவதை அழகம்மாள் கவனித்துவிட்டாள். "படம் எடுத்தா உனக்கு என்னம்மா?"

"இனிமே என்னைய ஓட்ட விடமாட்டாங்கக்கா."

அழகம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். தூற்றிக் குவித்திருந்த கொள்ளுக் குவியலுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த தார்ப்பாயை எடுத்துவந்து காரின் மூக்கில் கூடாரம்போலப் போட்டாள். "உள்ள உக்காந்து பாரு. பய என்னத்த எடுக்குறான்னு பாப்போம்."

"செடியச் சீரழிச்சவளுக்குத் தார்ப்பாயா?" என்றார் பேயாண்டி.

"நீங்க சும்மா இருங்க."

கூடாரத்துக்குள் வேர்வை சொட்டச் சொட்ட ஆனிமேரி பிடிபிடியாகச் செடியை உருவினாள். பாதி வெளியே வந்திருக்கும். தார்ப்பாய்மேல் பொட்டென்று ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. தை மாதத்தில் மழையா! எட்டிப் பார்த்தாள். மேற்கே வானம் கறுத்திருந்தது. கொள்ளுக் குவியல் திறந்தபடி கிடந்தது. அழகம்மாள் வானத்தைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள். தார்ப்பாயின் பக்கம் மட்டும் அவள் திரும்பவில்லை. ரோட்டில் சிதறிய மணியை வேக வேகமாகக் கூட்டினாள்.

தார்ப்பாயைத் திருப்பிக் கேட்டிருந்தால் ஆனிமேரி இரண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்லியிருப்பாள். கேட்காதவளிடம் எதைச் சொல்வது? எரிச்சலில் தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். பிறகு தார்ப்பாயை உருவிச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். காற்று அதை அவள் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. பையன் திறந்து கிடந்த காரின் எதிரே போனை நீட்டிக்கொண்டு நின்றான்.

"எடுத்துத் தொலை!" என்று கத்தினாள். "இல்லைன்னா வந்து இந்த முனையப் பிடி!"

அவன் காரைப் பார்த்தான். இதைவிட நல்ல படம் அவனுக்கு இனி ஒருநாளும் கிடைக்காது. "சே!" என்று சொல்லிப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து முனையைப் பிடித்தான். பேயாண்டி மறுமுனையில் கல்லைத் தூக்கி வைத்தார். காற்றுக்குக் கல் போதவில்லை. நான்கு பேரும் ஆளுக்கொரு மூலையில் தார்ப்பாய்மேல் உட்கார்ந்து நனைந்தார்கள்.

மழை பத்து நிமிஷத்தில் விட்டது. குவியலில் ஒரு மணிகூட நனையவில்லை. பையன் போனைத் துடைத்து ஆனிமேரியின் அருகே வந்தான். ஒவ்வொரு படமாகக் காட்டி, முகம் சுளித்து அழித்தான். பதினேழு படங்கள்.

"இத மட்டும் வச்சுக்கிறேனேக்கா. சக்கரந்தான் தெரியுது."

"அதையும்."

"ரொம்பப் பண்றீங்கக்கா" என்று அதையும் அழித்தான். பைக்கை உதைத்தபடி, "ஆறு சிலிண்டர்தானே?" என்று இன்னொரு முறை கேட்டான். பதில் வராது என்று தெரிந்ததும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மீதிச் செடியை அழகம்மாளும் ஆனிமேரியுமாக உருவி முடித்தபோது வேன் வந்தது.

"ஏதும் பிரச்சனையா?" என்றான் ஜினோ, உலர்ந்த சட்டையோடு.

இரண்டு வாரமாகியும் எந்தப் படமும் எங்கும் வரவில்லை. அவள் இன்னும் வண்டி ஓட்டுகிறாள். ஒருநாள் மாலை ஜெபமாலை சொல்லி முடித்து, படங்களை அழித்தவனுக்காகவும் வேண்டிக்கொள்ள நினைத்தபோதுதான், பெயரைக் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. "அந்த நச்சரிப்புப் பிடிச்ச பழங்காநத்தத்துப் பையன்" என்று சொல்லிவைத்தாள். ஆண்டவருக்கு விளங்கியிருக்கும்.