மேலே மட்டும் சிவப்பு மணல்

இப்போதெல்லாம் சடங்கு நிலவறையான கிவாவுக்குள் இறங்குகிற ஆட்களுக்கு வாய் அடங்குவதே இல்லை. ஏணியில் கால் வைக்கும்போதே ஒருத்தன் பந்தாட்டத்தில் யார் தோற்றார்கள் என்று சொல்லிக்கொண்டு இறங்குகிறான். இன்னொருத்தன் பிக்கப் வண்டிக்கு டயர் வாங்கிய கதையை இழுக்கிறான். அந்த நிலவறையில் அடுப்பைச் சுற்றி டப்பா டப்பாவாக அவரை விதை மணலுக்குள் கிடக்கிறதே, பேசுவதெல்லாம் அதன் காதில் விழுமே என்ற நினைப்பு ஒருத்தனுக்கும் கிடையாது. உப்பும் கறியும் தொடக்கூடாத நாட்கள் வேறு. அதிலும் ஒருத்தன் மேல் உருளைக்கிழங்கு சிப்ஸ் வாசனை அடிக்கிறது. அந்த ஒருத்தன் தன் தங்கை மகள் வெர்னாவின் புருஷன் கெல்வின்தான் என்பதில் வில்மருக்குச் சந்தேகமே இல்லை.

கெல்வின் பக்கத்துக் குன்றான இரண்டாம் மேட்டு ஊர்க்காரன், வெர்னாவைக் கட்டி, பெண் வீட்டோடு வந்தவன். சாலை போடுகிற வேலை. அதிகம் பேச மாட்டான். பேசாத ஆட்களை வில்மருக்குப் பிடிக்காது. பேசுகிற ஆட்களையும் பிடிக்காது, அது வேறு விஷயம்.

விவகாரம் வயலைப் பற்றியது. குன்றுக்குக் கீழே, ஓடை வந்து விரிகிற இடத்தில் இருக்கிறது அது. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அதில் விதைக்கிறவர் வில்மர். ஆனால் நிலம் பெண்களுடையது. தங்கை இருந்தவரை அவளுடையது. அறுவடை முடிந்த கையோடு அவள் கண்ணை மூடினாள். நிலம் வெர்னா கைக்கு வந்தது.

"போன கோடையில வயல்ல விழுந்து கிடந்தீங்க மாமா. இருட்டுற வரைக்கும் யாருக்கும் தெரியல. பாதிச் சோளம் காக்கா வாயில போச்சு. இந்த வருஷம் கெல்வின் விதைக்கட்டும்," என்றாள் வெர்னா.

"நான் போய்ச் சேர்ந்தப்புறம் விதைக்கட்டும்."

"அந்தப் பேச்செல்லாம் வேணாம். சரி, அவரை முளை என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். உங்க டப்பாவுல முளை நேரா எழும்பி வந்துச்சுன்னா நீங்களே விதைங்க. வரலேன்னா பந்தல் நிழல்ல உட்கார்ந்து காக்கா ஓட்டுங்க."

காக்கா ஓட்டுவது! அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அவரை முளை சொல்வதற்கு எதிர்ப்பேச்சு யார் பேச முடியும்? வெளியே குன்று முழுக்கப் பனி, பூமி தூங்குகிறது. அந்தத் தூக்கத்திலேயே மண்ணுக்கடியில் அடுப்பு அணையாமல் பார்த்து, ஒரு பச்சையை எழுப்பிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் வருஷம் எப்படிப் போகும் என்று வயல் முடிவு செய்யும். முளை ஒடிந்தால் ஏதோ ஒரு மனசு சரியில்லை என்று அர்த்தம். இதற்கு மேல் அங்கே நடப்பதை வெளியே பேசுவதற்கில்லை.

தங்கையின் ஜாடியிலிருந்த அவரையைத்தான் வில்மர் எடுத்தார். வண்டு துளைத்த விதை. ஒன்றைக் கடித்துப் பார்த்தார், மாவாக உதிர்ந்தது. இருந்தாலும் அவள் கையால் எடுத்து வைத்தது, வேறு விதை போட மனசு வரவில்லை. ஒடுங்கிப்போன காபி டப்பாவில் தன் வயலின் சிவப்பு மணலை நிரப்பி அதில் ஊன்றினார். பக்கத்திலேயே கெல்வினும் அதே மாதிரி ஒரு காபி டப்பாவில் காற்றாலைப் பக்கத்து வெள்ளை மணலைக் கொட்டி விதைத்தான்.

கெல்வினின் டப்பாவில் பச்சை தெரிந்தது. வில்மரின் டப்பாவில் மணல்தான் தெரிந்தது.

கூரைத் துளை வழியாக இறங்குகிற குளிர் நேராகத் தன் டப்பா மேல் விழுகிறது என்று அவர் கண்டுபிடித்தார். அங்கே வைத்தது யார்? யாரென்று கேட்க வேண்டுமா! டப்பாவை அடுப்போரம் நகர்த்தினார். மறுநாள் அது பழைய இடத்தில் இருந்தது.

"அடுப்புக்கு அவ்வளவு கிட்ட வச்சா வெந்துடும் மாமா," என்றான் கெல்வின்.

"ஓ. என் முளை மேல உனக்கு அவ்வளவு அக்கறை."

"ஆமா மாமா."

அவன் முகத்தைப் பார்த்தால் கேலியா நிஜமா என்று தெரியவில்லை. சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பார், ஆனால் அது சண்டை போடுகிற இடமில்லை. கிவாவின் மூத்தவர் நார்மன் விறகைத் தள்ளிக்கொண்டே, "வில்மர், மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு இங்க நிக்காத. முளை எட்டிப் பார்த்துட்டு, வேணாம்டா சாமின்னு உள்ளயே படுத்துக்கும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வில்மரும் பல்லைக் காட்டி வைத்தார். மனசைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அவர் முயற்சி செய்யாமல் இல்லை. ஆனால் ஒரு சந்தேகத்தை வெளியே தள்ளினால் இன்னொன்று உள்ளே வந்து உட்கார்ந்தது.

அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. கிவாவில் இருமி எல்லோருக்கும் ஒட்டவைக்க வேண்டாம் என்று வெர்னா வீட்டோடு நிறுத்திவிட்டாள். இதுவும் ஏற்பாடாக இருக்கலாம் என்று படுத்துக்கொண்டே யோசித்தார்.

பார்க்க வந்தவள் ஐரீன். அவருடைய அப்பாவின் குலத்துப் பெண். வில்மருக்குப் பேத்தி வயசு என்று சொல்ல முடியாது, மகள் வயசு சொல்லலாம். ஆனாலும் முறைக்கு அத்தை. அத்தை கேலி செய்தால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

"ஐயோ, நான் கட்டிக்க வச்சிருந்த ஆளு! இப்படி மூக்கு ஒழுக விட்டுட்டாங்களே!" என்று வாசலிலிருந்தே ஆரம்பித்தாள். "ஏன் மருமகனே, உன் டப்பா மொட்டையாமே? மேல இருக்கிற மாதிரியேவா?"

"யார் சொன்னா?"

"காத்து சொல்லுச்சு. கவலைப்படாத. காக்கா ஓட்டுறதும் வேலைதான். உன் சத்தத்துக்கு இந்தக் குன்றுல ஒரு காக்கா மிஞ்சாது."

இருமல் நின்றதும் முதல் வேலையாக ஏணி இறங்கினார்.

ஒடுங்கின காபி டப்பாவில் முளை நிமிர்ந்து நின்றது. ஒன்றுகூட ஒடியவில்லை, ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு, வெளுத்த தண்டும் பச்சைத் தலையுமாக நெருக்கமாக நின்றது. அந்தக் கிவாவிலேயே அதுதான் உசரம். நார்மன் வந்து தோளில் தட்டினார். "நீ இல்லாத நேரமாப் பார்த்து எழுந்திருச்சு பாரு!" மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள்.

வில்மர் சிரிக்கவில்லை. மாவாக உதிர்ந்த விதை இப்படி வருமா? குனிந்து பார்க்கிற சாக்கில் விரலை மணலுக்குள் விட்டார். மேலே சிவப்பு. ஒரு நகக்கண் ஆழத்தில் வெள்ளை.

அங்கே எதையும் கேட்கவில்லை. கேட்கிற இடமில்லை.

முளை விழாவன்று விடியற்காலையில் கச்சினாக்கள் என்கிற தெய்வங்கள் வந்தார்கள். மேகத்தையும் மழையையும் தங்களோடு கொண்டுவருகிறவர்கள், வீடு வீடாகப் பனியில் நடந்து பச்சை முளைக்கட்டைக் கொடுத்தார்கள். வெர்னாவின் குழந்தைகள் கதவுக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் வாங்கின. அவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, தெரியவும் கூடாது. ஒரு கட்டு உசரமாக, கனமாக இருந்தது. இன்னொன்று நாலைந்து நோஞ்சான் முளை.

அடுப்பங்கரையில் உதவிக்கு வந்த ஐரீன் அந்த நோஞ்சான் கட்டைத் தூக்கிப் பிடித்து, வெர்னாவின் காதோரம் சொன்னாள்: "இது உன் வீட்டுக்காரனோடதா? கோழி கொத்திப் போட்டது கணக்கா இருக்கு. அவன் ஊரு அத்தைமார் காதுக்குப் போச்சுன்னா, அடுத்த குளிர்காலம் வரைக்கும் அவன் தெருவுல தலை காட்ட முடியாது."

வெர்னா வேகவைத்த சோளத்தோடு முளையை நறுக்கிப் போட்டாள். வில்மர் வாயைத் திறந்தார்.

"மாமா, சின்னதுங்க இருக்கு," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

கிவாவில் கேட்டால் முளை ஒடியும். வீட்டில் கேட்டால் குழந்தைகள் மனசு ஒடியும். ஒரு மனுஷன் தன் சந்தேகத்தை எங்கேதான் கொண்டுபோய் வைப்பது?

அறுத்தது போக மிஞ்சிய வேரையும் மணலையும் யார் கண்ணிலும் படாமல் புதைப்பது வழக்கம். மதியம் கெல்வின் இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு பாறைச் சரிவுக்குப் போனான். வில்மர் பின்னாலேயே போனார்.

"என்னோடத நானே கொட்டுறேன். இப்படிக் கொடு."

கவிழ்த்தார். சிவப்புத் தூவலுக்கு அடியில் முழுக்க வெள்ளை மணல். கெல்வினின் டப்பாவையும் பிடுங்கிக் கவிழ்த்தார். வெள்ளைத் தூவலுக்கு அடியில் முழுக்கச் சிவப்பு.

"இது என்னடா?"

"மணல் மாமா."

"அது எனக்குத் தெரியாதா? மேல ஒரு நிறம், கீழ ஒரு நிறம். எப்படி வந்துச்சு?"

"தண்ணி ஊத்தும்போது வேர் வெளிய தெரிஞ்சுது. கையில கிடைச்ச மணலை எடுத்து மூடினேன்."

"என் டப்பா அடியில வெள்ளை எப்படிப் போச்சு? வேருக்குக் கீழயும் நீதான் போய் மூடினியா?"

கெல்வின் காலால் குழியை ஆழப்படுத்திக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது. "உங்க டப்பாவுல முளைச்சுது மாமா. எல்லாரும் பார்த்தாங்க. அவ்வளவுதான்."

வில்மர் சிவப்பு மணலைக் கையால் கிளறினார். அழுகாமல் கிடந்த விதைத்தோல் ஒன்று அகப்பட்டது. அதில் வண்டு போட்ட ஓட்டை. பக்கத்திலேயே ஒரு வேர், நூல் மாதிரி. அந்த ஓட்டை விதைகளிலும் நாலைந்து எழும்பியிருக்கிறது. காலையில் தட்டில் வந்ததில் எது எது என்று தெரியாமல் அதையும் சேர்த்துத் தின்றிருக்கிறார். இது எப்படி என்று யோசித்தார். இதிலும் எவனோ கை வைத்திருப்பான் என்று தோன்றியது. யார் என்றுதான் தெரியவில்லை.

ஆனால் ஒருத்தன் தனக்கு வருகிற வயலை எதற்காக விட்டுக்கொடுக்கிறான்? ஊர் சிரிப்பை எதற்குத் தலையில் ஏற்றிக்கொள்கிறான்? மறுபடியும் விழட்டும் என்றா? அப்புறம் காலமெல்லாம் சொல்லிக்காட்டவா? வெர்னா சொல்லிச் செய்தானா? எதைப் பிடித்தாலும் முனை அகப்படவில்லை. தோலை மண்ணோடு போட்டு மூடினார்.

சாயங்காலம் வெர்னா குழந்தைகளுக்குக் கேட்காத குரலில், "அவரை சொல்லிடுச்சு மாமா. வயல் உங்களுது," என்றாள். அவள் கண்ணை அவர் உற்றுப் பார்த்தார். அவள் சட்டென்று ரொட்டியை மடிக்கத் திரும்பிக்கொண்டாள். அதுவும் சரியாகப் படவில்லை.

பனி உருகியதும் வயலில் காற்றுக்குத் தடுப்பாகப் புதர் வெட்டி நட வேண்டும். கோடரியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் வாசலில் நின்றார். கெல்வின் வண்டிக்கடியில் படுத்திருந்தான்.

"டேய் மாப்ளே. ஒரு கோடரி எடுத்துக்கிட்டு வா."

அவன் வெளியே வந்து உட்கார்ந்தான். "எங்க மாமா?"

"வயலுக்கு. நீ கண்ணுக்கு எதிர இருந்தாத்தான் நீ என்ன பண்றேன்னு எனக்குத் தெரியும். ஓடையோரம் நாலு வரிசை நீ விதைச்சுக்க. அங்கதான் காக்கா ஜாஸ்தி."

கெல்வினுக்குச் சிரிப்பு வந்தது. கிரீஸ் கையால் வாயை மூடினான். "வண்டியிலயே போலாமே மாமா. கால் வலிக்கும்."

"உன் வண்டியில நான் ஏறவா? எதுக்கு இவ்வளவு பரிவு?"

"இன்னுமா மாமா நம்பல?"

வில்மர் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு கோடரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "நம்புறதுக்கு என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் பாறைப் பாதையில் இறங்க ஆரம்பித்தார். திருப்பத்தில் ஒரு தடவை நின்று, பின்னால் கெல்வினும் வெர்னாவும் சிரிக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டார். சத்தமில்லை. அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை. நடந்தார்.